நீலக் கண்ணாடி பிடுங்கிய கேமரா

முள்ளிப்பட்டில் அண்ணன் வீட்டுக்கு நான் திரும்பிய வாரம், அவனுக்குப் பட்டு கொடுத்து நெய்ய வைக்கும் முதலாளி வந்து அவன் சட்டையைப் பிடித்தார். தறியில் பாதி நெய்த கருநீலப் புடவையைத் தடவி, ஒரு சாண் அளவு குறுக்கே ஓடும் ஊடை நூல் வேறு என்றார்.

"என் பட்ட வித்துட்டு எவன் நூலையோ போட்டு நெய்ஞ்சிகினு கீறியா?"

எனக்கு எல்லாம் ஒரே நீலம். தறியோரம் கிடந்த கட்டையை எடுத்து அவர் தோளில் போட்டேன். அவர்கூட வந்த ஆள் என் வாயில் குத்தினான். இரண்டு பல் போயிற்று.

"சாயந்தரம் சாயக்காரன இட்டாறேன். நூல் வேறன்னா உனக்குத் தறி கிடையாது" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு முதலாளி போனார்.

கேமராவுக்குள் இருக்கும் நீலக் கண்ணாடியை எடுத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அதற்குத் தெரியும், சாயம் வேறானால் நிறமும் வேறாக விழும் என்று சென்னையில் ரிப்பேர் கடையில் எடுபிடியாக இருந்தபோது கேட்டிருந்தேன். அங்கே தூக்கிப்போட்ட டிஜிட்டல் கேமரா ஒன்று என் பையில் கிடந்தது. அண்ணன் யோக்கியன் என்று காட்ட அதை அங்கேயே பிரித்தேன். பிளாஷ் கெபாசிட்டர் ஷாக் அடித்துச் சுவரில் தள்ளியது. கண்ணாடி உடைந்துதான் வந்தது. கட்டை விரல் கிழிந்தது. சாதாரண வெளிச்சத்தை மறைக்க, பையில் கிடந்த கழுவிய பிலிம் சுருளின் கறுத்த நுனியை வெட்டி அந்த இடத்தில் ஒட்டினேன்.

தறிக்கு மேலே குண்டு பல்பு எரிந்தது. புடவையைப் படம் எடுத்தேன். கருநீலம் வெளுத்து விழுந்திருந்தது. நடுவில் ஒரு சாண் மட்டும் கன்னங்கரேல்.

அண்ணன் திரையைப் பார்த்தான்.

"விக்கலடா. அன்னிக்கு உங்க அண்ணிகூட சண்டை. கோவத்துல ஊடை நூல் சுத்தின தார எல்லாம் அடுப்புல விசிறிட்டேன். வேற எடத்துல வாங்கிப் போட்டேன்."

அண்ணி ஏன் பதினைந்து நாளாகத் தாய்வீட்டில் இருக்கிறாள் என்பது அப்போதுதான் விளங்கியது.

"முதலாளியாண்ட சொல்லிடுண்ணா."

அவன் வீசிய, ஊடை ஓட்டும் இரும்பு முனை வைத்த நாடாக்கட்டை என் புருவத்தைப் பிளந்தது. கேமராவைத் தறிக்குழியில் போட்டுக் காலால் நசுக்கினான்.

சாயந்தரம் சாயக்காரர் துணியை முகர்ந்து, நகத்தால் சுரண்டினார். "நம்ம சாயம் மாதிரிதாங்க கீது."

முதலாளிக்கு நம்பிக்கை வரவில்லை. ரத்தம் காயாத என் முகத்தைப் பார்த்தார்.

"இது யார்டா அடிச்சது?"

"கேமரா மிஷின் வெடிச்சிதுங்க" என்றேன்.

"நூலு?"

"எல்லாம் ஒண்ணுதாங்க."

அவர் படி இறங்குவதற்குள் அண்ணன் தறி மிதிக்க ஆரம்பித்தான். நான் பையை எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு நடந்தேன். அவன் மிதிப்பதை நிறுத்தவில்லை.