மொட்டு எண்ணியவள்

பத்மாவதி இறந்துவிட்டாள் என்று அவள் தம்பி போனில் சொன்னபோது நான் ஆய்வுக்கூடத்தில் ஈஸ்ட் செல்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் என்று லீவு போட்டு நான்கு நாள்தான் ஆகியிருந்தது. எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுத் திருப்பருத்திக்குன்றத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே துக்கத்துக்கு வந்திருந்த அவள் ஊர்க்காரர்கள் உங்களில் பலர், "அவ அந்த லேபுல என்னதான்பா பண்ணிக்கினு இருந்தா?" என்று கேட்டீர்கள். அன்று சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் தன் டிஎன்ஏவை நகலெடுக்க வேண்டும். அதற்கும் முன்பே, இழைகளைப் பிரிக்கும் புரதம் டிஎன்ஏவில் பல இடங்களில் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். நகலெடுப்பு தொடங்கிவிட்டால் அந்தச் சுற்றில் புதிதாக எதுவும் ஏற முடியாது. ஏற்கெனவே ஏறியிருந்ததும் வேலை முடிந்து இறங்கிவிடும். இந்த ஏற்றம்தான் எங்கள் இருவரின் ஆய்வு. நான் சீனியர், அவள் இரண்டு வருடம் ஜூனியர்.

செல்களை நகலெடுப்பு தொடங்குவதற்கு முந்தைய கட்டத்தில் நிறுத்திவைத்துத்தான் இதைப் பார்க்க முடியும். நகலெடுப்பு தொடங்கும்போது ஈஸ்ட் செல்லின் பக்கவாட்டில் சின்ன மொட்டு ஒன்று கிளம்பும்; மொட்டு விட்ட செல் என்றால் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு தடவையும் பத்மா மைக்ராஸ்கோப்பில் மொட்டுகளை எண்ணுவாள். கையில் சின்னக் கவுன்ட்டர், டிக் டிக்கென்று. நான் வீட்டுக்குப் போகும் மாலை ரயிலை நினைத்துக் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

"காஞ்சிபுரம் ரயிலப் புடிக்கிற அவசரம் உங்களுக்குத்தாண்ணா. ஈஸ்ட்டுக்கு இல்ல" என்பாள்.

மரபணு மாற்றிய ஒரு ரகத்தில் புரதம் ஏறவேயில்லை என்று கண்டேன். என் ஆய்வேட்டின் முக்கிய அத்தியாயமே அதுதான். பத்மா மிச்சமிருந்த சாம்பிளை எடுத்துப் பார்த்தாள்.

"நூத்துக்கு நாப்பது மொட்டு விட்டுக்கினு நிக்குது. இது ஏறாதது இல்லண்ணா, ஏறி இறங்கினது."

"என் சாப்டர்ல கை வைக்காதமா."

"வைக்கல. உடம்பு சூடா இருக்குது, ரெண்டு நாள் லீவு. வந்து நானே திரும்பப் பண்றேன். நான் சொன்னது தப்புன்னா டீ என்னுது."

வரவில்லை.

அவள் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. அடுத்த வாரமே சோதனையைத் திரும்பச் செய்தேன். அந்த ரகம் மற்றவற்றைவிட மெதுவாகத்தான் அந்தக் கட்டத்தில் வந்து நிற்கும். எல்லாச் செல்களும் நிற்கும்வரை கூடுதல் நேரம் கொடுத்தேன். மற்றச் செல்களைப் போலவே புரதம் ஏறியிருந்தது. மூன்று தடவை செய்து பார்த்தும் அதே பதில். ஆய்வு வழிகாட்டியிடம் போய்ச் சொன்னேன். அத்தியாயம் போயிற்று, பட்டம் ஒரு வருடமாவது தள்ளிப்போகும். போகட்டும். தப்பு என்னுடையது, கண்டுபிடித்தது பத்மா. புதிய ஆய்வேட்டில் அப்படியேதான் எழுதுவேன்.

அவள் மேசையில் இருந்த கவுன்ட்டரை நான் வைத்துக்கொண்டேன். அது நாற்பதில் நின்றிருந்தது. பூஜ்யத்துக்குத் திருப்பினேன். இன்றைய மாலை ரயில் போய்விட்டது. இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.