உனைசியின் தட்டில் என் கை

உனைசி மெதுவாகப் பேசி நான் பார்த்ததே இல்லை. ஃபிஜித் தீவின் சூவாவில் நாங்கள் வேலை பார்த்த தையல் தொழிற்சாலையில் எழுபது மெஷின் ஒரே நேரத்தில் ஓடும். அந்த இரைச்சலையும் மீறி அவள் சிரிப்பு கேட்கும். ரக்பி சட்டைகளுக்குக் காலர் வைப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடம் காலர் மட்டும்தான் வைத்தாள். இடது காலை மடித்துப் போட்டுக்கொண்டு வலது காலால் பெடலை மிதிப்பாள். புருஷன் படகோடு போய்ச்சேர்ந்த பிறகு இரண்டு பெண்களைப் படிக்கவைத்தது அந்த வலது கால்தான்.

நான் வாசிதி. அவளுக்கு அடுத்த மெஷின், சட்டைகளுக்குக் கை வைத்துத் தைப்பவள். அவள் ஊரும் என் ஊரும் ஒருத்தருக்கொருத்தர் தௌவு. ஒரே மூதாதை வழி வந்த ஊர்கள் என்பார்கள். நான் அவளை என்ன கேலி செய்தாலும் அவள் கோபப்படக் கூடாது. அவளிடமிருந்து எதைப் பிடுங்கினாலும் ஏன் என்று கேட்கக் கூடாது. அவளுக்கும் என்மேல் அதே உரிமை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் புதுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் மழையில் நனைந்துகொண்டே சிரித்தேன். அப்படி ஒரு உறவு அது.

வெள்ளிக்கிழமை மதியம் உனைசி, நான், துணி வெட்டும் பிரிவிலிருந்த பிரமிளா மூன்று பேரும் பஸ் நிலையத்துக்கு எதிரிலிருந்த சீனத்தம்மா கடைக்குப் போவோம். வாரம் முழுக்க மரவள்ளியும் டின் மீனும் தின்ற வாய்க்கு அன்று பொரித்த கோழி, எண்ணெய் மினுங்கும் ஃபிரைடு ரைஸ், ஆரஞ்சு கலர். தட்டில் ஒரு பருக்கை மிஞ்சாது.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு நேராகக் கடைக்கு வந்தாள் உனைசி. கோயிலுக்குப் போட்ட புதுச் செருப்பு கடித்து வலது கால் விரலில் வந்த புண் ஒரு மாதமாக ஆறவில்லை. வலிக்கவும் இல்லை. சர்க்கரை என்று சொல்லி ஒரு தாளைக் கையில் கொடுத்திருந்தார்கள்.

"வாயைக் கட்டலேன்னா காலை எடுக்கணுமாம்," என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்ததால் நாங்களும் சிரித்தோம்.

அப்புறம் அந்தத் தாளைப் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் சீனத்தம்மாவிடம் சொன்னாள்: "இஞ்சி போட்டு அவிச்ச மீன். குழம்பு தனியா வைங்க. சோறு ஒரு கரண்டி போதும். கீரை நெறைய, தேங்காப்பால் வேணாம். குடிக்கத் தண்ணி."

"என்ன சீனத்தம்மா, கடையில ஆஸ்பத்திரி வார்டு திறந்திருக்கீங்களா?" என்றேன். கடையே சிரித்தது. மீன் வந்ததும் அவள் தட்டை இழுத்து என் பக்கம் வைத்தேன். என் கோழித் தட்டை அவள் முன்னால் தள்ளினேன். "தௌவு சொல்றேன், தின்னு."

ஒரு நிமிடம் தட்டையே பார்த்தாள். பிறகு அவளும் சிரித்துவிட்டுத் தின்றாள்.

அதோடு விட்டேனா? பாவி, விடவில்லை. அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். எங்களுக்கு முன்பே வந்து பாதி தின்று முடித்திருப்பாள். கோயிலில் உபவாசம் என்பாள். கோழியே சொன்னாலும், தோலை எடுத்துவிட்டுச் சின்னத் துண்டாகக் கொடுக்கும்படி சமையல்கட்டுக்குள் போய் ரகசியமாகச் சொல்லிவிட்டு வருவாள். நான் ஒவ்வொன்றையும் கண்டுபிடித்துவிடுவேன். தோலோடு இன்னொரு துண்டு வரவழைப்பேன். எனக்கு அது ஒரு போட்டியாகவே ஆகிவிட்டது.

ஏன் செய்தேன் என்று இப்போது கேட்டால், பயம்தான். என் எடையும் அவள் எடைக்குக் குறைந்ததில்லை. எனக்கும் பாதம் மரத்துப்போகும். நான் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து கீரை தின்றால் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அவளும் கோழி தின்றால் நிம்மதியாக இருந்தது. வெட்கங்கெட்ட நிம்மதி.

பிரமிளா ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய் வாசிதி, உனக்கு அறிவிருக்கா? அவளால வேணாம்னு சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சுதானே பண்றே?"

"இது எங்க வழக்கம் பிரமிளா. உனக்குப் புரியாது."

"உங்க வழக்கம் வந்து அவ புண்ணுக்கு மருந்து போடுமா?"

"ஒரு நாள் தின்னா செத்துடுவாளா? போடி, உன் வேலையைப் பாரு."

பத்து நாள் அவள் என்னோடு பேசவில்லை. எனக்கும் வீம்பு.

ஜூன் மாதம், உனைசி தன் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் இழுத்தேன், விடவில்லை. அப்படி அவள் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"வாசிதி, இன்னைக்கு வேணாம்," என்றாள். தௌவு என்று கூப்பிடவில்லை. பேரைச் சொன்னாள்.

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். எனக்குக் கேட்டது. கேட்காததுபோல் எழுந்து நின்று, பக்கத்து மேசைக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்: "இசா, ஐயோ பாவமே! பேரைச் சொல்லிக் கூப்பிடறா பாருங்க! ஒரு மீனுக்காகத் தௌவை வித்துட்டான்னு ஊர்ல போய்ச் சொல்றேன்!" பக்கத்து மேசையில் எங்கள் தீவு ஆட்கள்தான் இருந்தார்கள். மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். உனைசி கையை எடுத்துக்கொண்டாள். நான் தள்ளிய தட்டைக் கடைசிப் பருக்கைவரை தின்றாள். பிரமிளா பாதியில் எழுந்து போய்விட்டாள்.

ஆகஸ்டில் ஒரு காலை, பக்கத்து மெஷினிலிருந்து நாற்றம் வந்தது. துணிச்சாயம் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் அவள் பெடல் ஈரமாக இருந்தது. அவளுக்குத் தெரியவேயில்லை, காலர் தைத்துக்கொண்டிருந்தாள். முதலில் விரல் போனது. மூன்று வாரத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவள் மெஷினில் வேறொருத்தியை உட்காரவைத்தார்கள்.

என் கோழித் தட்டுகளால்தான் கால் போனது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. மற்ற ஆறு நாளும் வீட்டில் அவள் என்ன தின்றாளோ, எனக்குத் தெரியாது. இப்படியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

இடித்துக் கரைத்துக் குடிக்கிற கவா வேர்க்கட்டு ஒன்றை, எங்கள் வழக்கப்படி எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். முறைப்படி என் அண்ணன் வந்து பேச வேண்டும். யாரையும் கூட்டிப்போகிற முகம் எனக்கில்லை. வாசலருகே பாயில் உட்கார்ந்து, கட்டை முன்னால் வைத்து, தலை குனிந்து ஆரம்பித்தேன். இரண்டு வார்த்தைகூடச் சொல்லியிருக்க மாட்டேன், அவள் தம்பி இலைதியா வெடித்துச் சிரித்துவிட்டான்.

"தௌவுகிட்ட வந்து எவளாவது மன்னிப்பு கேப்பாளா? கோபப்படவே எங்களுக்கு உரிமை இல்ல, அப்புறம் எதை மன்னிக்க? கட்டைக் குடு, இடிச்சுக் குடிப்போம்."

மெத்தையில் கிடந்த உனைசியும் விடவில்லை. "இனிமே நான் செருப்பு வாங்கினா வலது கால் செருப்பு உனக்குத்தான் தௌவு!"

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருக்க முடியாதே. கையில் கிடைத்ததை எடுத்து அவள் என் முகத்தில் எறிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

கவா இடிக்க எல்லாரும் பின்கட்டுக்குப் போனதும் உனைசி என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமையிலேர்ந்து பிரமிளா டாக்சி வச்சு என்னைக் கடைக்குக் கூட்டிட்டுப் போறா."

"நானும் வர்றேன். உன்னைத் தூக்கி உக்கார வைக்க ஆள் வேணாமா?"

"நீ வராதே."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கேலி இல்ல வாசிதி. இடது பாதத்துலயும் உணர்ச்சி இல்லன்னு சொல்லிட்டாங்க. இந்த வீட்டுக்குள்ளயே கிடந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும், நாலு பேரோட உக்காந்து சாப்பிடணும். வேற யார் தட்டை நீட்டினாலும் வேணாம்னுடுவேன். உன்கிட்ட எனக்கு அந்த வார்த்தை வர மாட்டேங்குது. நீ அந்த மேசைக்கு வராதே."

"சத்தியமா இனிமே பண்ண மாட்டேன் உனைசி."

"பண்ணுவே," என்றாள். "நானும் சிரிச்சுக்கிட்டே தின்னுடுவேன்."

நாலு மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமை மதியம் நான் மெஷினிலேயே உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்ததைத் தின்கிறேன். பிரமிளா திரும்பி வருவாள். "இன்னைக்கு என்ன தின்னா?" என்று கேட்பேன்.

"மீன்," என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.