சிங்கப்பூர் கொம்பு இரண்டு

என் ஜீப்பில் ஹாரன் செத்து இரண்டு மாதம். மலைப்பாதை வளைவுகளில் நானே தலையை நீட்டிக் கத்திக்கொண்டு போகிறேன்.

சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் இரக்கப்பட்டு ஒரு ஜோடி ஹாரன் அனுப்பினார். சுங்கப் படிவத்தில் இங்கிலீஷில் ‘ஹாரன், இரண்டு’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். மாட்டுக் கொம்புக்கும் இங்கிலீஷில் அதே பெயர்தான். முகவரியோ ஜவ்வாது மலை.

இன்று சுங்கத்திலிருந்து கடிதம் வந்தது. எந்த மிருகத்தின் கொம்பு என்று வனத்துறையிடம் சான்று வாங்கி அனுப்பினால்தான் பார்சலை விடுவார்களாம்.

ஜமுனாமரத்தூரில் ரேஞ்சரிடம் கடிதத்தை நீட்டினேன். இரண்டு முறை படித்தார்.

“எல்லாரும் மலையிலேர்ந்து கொம்பு கடத்துவாங்க. நீ இன்னாய்யா, மலைக்குக் கடத்தினு வர்றே?”

“ஜீப்பு ஹாரனுங்க சார். கத்திக் கத்தித் தொண்டையே போச்சுங்க.”

என் குரலே சாட்சி சொன்னது. அவர் சிரிக்காமல் சான்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்:

‘மேற்படி கொம்புகள் ஜீப் என்னும் பிராணிக்கு உரியவை. இப்பிராணி இம்மலையில் வேட்டையாடப்படுவதில்லை. கொம்பு வந்து சேராததால் தற்சமயம் அதன் உரிமையாளரே கத்தி வருகிறார்.’

தபாலில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் மச்சானின் அடுத்த கடிதம் காத்திருக்கிறது. பிரேக் ஷூ அனுப்பியிருக்கிறாராம்.

செருப்புக்கு யாரிடம் சான்று வாங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.