சாவித்திரி வீட்டு ஏசிக்கு நல்ல நேரம்

மேனாம்பேட்டில் பானுப்பிரியாவின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம், குரல் தெரியாதவர்கள் குறைவு. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஏசி விற்கும் கடை ஒன்றின் மாடியில் உட்கார்ந்துகொண்டு, வாங்கியவர்களுக்கெல்லாம் போன் போட்டு, மாட்டுகிற ஆள் எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு வரட்டும் என்று முடிவு செய்வதுதான் எட்டு வருடமாக அவள் வேலை. எந்தச் சுவர், பதினைந்து ஆம்பியர் பிளக் இருக்கிறதா, வெளி யூனிட்டை எங்கே வைப்பது, ஏணி கிடைக்குமா, அறையில் எத்தனை பேர் படுப்பீர்கள் என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கேட்பாள். பதில் வாங்கித் தேதியைச் சொன்ன பிறகுதான் வம்பே ஆரம்பிக்கும். "அது ராகுகாலமாச்சேம்மா" என்பார்கள். அதற்காகவே கம்ப்யூட்டர் ஓரத்தில் ராகுகால அட்டவணையை ஒட்டி வைத்தாள். ஒரே வருடத்தில் அது தேவைப்படாமல் போனது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வியாழன் ஒன்றரையிலிருந்து மூன்று என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

ஊருக்கெல்லாம் ஏசி மாட்ட ஆள் அனுப்புகிற மகராசி வீட்டில் ஏசி கிடையாது. அவளும் புருஷன் ஜெகதீசனும் இருப்பது மாடியில், ஷீட் போட்ட போர்ஷன். தளம் போட்டுவிடலாம் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் ஜெகதீசன் சொல்வான், பொங்கல் முடிந்ததும் திருமழிசைக்கு ஷிப்டுக்குப் போய்விடுவான். ஜெகதீசனின் அப்பா கட்டிய கீழ்வீடு அவன் தம்பி அரவிந்தனுக்கு வந்தது. அங்கே தளம் உண்டு, டைல்ஸ் உண்டு, அரவிந்தன் பெண்டாட்டி சாவித்திரியும் உண்டு. கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. தெருவே விசேஷம் உண்டா என்று துருவித் துருவிக் கேட்டபோதும் பானுப்பிரியா மட்டும் ஒரு நாள் கேட்டதில்லை. அந்த நல்ல பெயர் அவளுக்கு உண்டு, நாம் மறைக்க வேண்டாம்.

ஆனால் வயிற்றெரிச்சல் என்று ஒன்று இருக்கிறதே, அது இந்த நல்ல பெயரையெல்லாம் மதிக்குமா? பானுப்பிரியாவின் மகள் ஸ்வாதிக்கு ஒன்பது வயது. அம்மா ஸ்கூட்டியில் வேலைக்குக் கிளம்பியதும் குழந்தை கீழே போய்விடும். தலைவாருவது சித்தி, சோறு போடுவது சித்தி, வாய்ப்பாடு ஒப்பிப்பது சித்தியிடம். சாயங்காலம் மேலே வந்தால், சித்தி பின்னினால் அவிழாது, சித்தி செய்கிற புளிசாதத்தில் வேர்க்கடலை நிறைய இருக்கும் என்று ஒரே சித்தி புராணம். பானுப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். சாவித்திரி இல்லாவிட்டால் தான் வேலைக்கே போக முடியாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால் எரிச்சல் இன்னும் கூடியதே தவிர, குறையவில்லை. பகல் முழுக்கச் சித்திக்குப் போனாலும் ராத்திரி மட்டும் குழந்தை மேலே வந்து அவள் நைட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தூங்கும். அது ஒன்றுதான் அவளுக்கென்று மிஞ்சியிருந்தது.

அதற்கும் வந்தது கேடு. ஏப்ரல் கடைசியில் அரவிந்தன் ஏசி வாங்கினான், அதுவும் பானுப்பிரியா வேலை பார்க்கும் கடையிலேயே. பெட்டி கூடத்தில் வந்து இறங்கியதும் சாவித்திரி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். ஸ்வாதி பெட்டியைச் சுற்றிச் சுற்றிக் குதித்து, இனிமேல் நான் சித்தி வீட்டில்தான் படுப்பேன் என்று பெற்றவள் எதிரிலேயே அறிவித்தாள். பானுப்பிரியா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்று சாயங்காலமே மாடிப்படியில் உட்கார்ந்து, போனில் கடையின் படிவத்தைத் திறந்து, சாவித்திரியிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். அவளும் சுவர் சொன்னாள், பிளக் இருக்கிறது என்றாள், ஏணி எதிர்வீட்டுச் சம்பந்தத்திடம் வாங்கிக்கொள்ளலாம் என்றாள். எத்தனை பேர் படுப்பீர்கள் என்றதற்கு, யோசிக்கவே இல்லை பாவி, "மூணு பேரு, அக்கா" என்றாள். பானுப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. தலையை ஆட்டிவிட்டு இரண்டு என்று போட்டாள்.

அத்தோடு விட்டிருந்தால் சரி. சாவித்திரி நேரம் காலம் பார்க்கிறவள். ராகுகாலத்தில் விளக்குமாறுகூட வாங்க மாட்டாள். தாலிகட்டு முடிந்து பட்டாபிராமிலிருந்து புருஷன் வீட்டுக்குக் கிளம்பும்போதே ராகுகாலம் கழியட்டும் என்று மாப்பிள்ளை வேனை ஒன்றரை மணி நேரம் நிறுத்தி வைத்தவள். இது யாருக்குத் தெரியாவிட்டாலும் பானுப்பிரியாவுக்குத் தெரியும். முதல் தேதியாக வியாழக்கிழமை ஒன்றரை மணியைச் சொன்னாள். சாவித்திரி காலண்டரைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். அடுத்த வாரம் செவ்வாய் மூன்று மணி. வேண்டாம் என்றாள். அதற்கடுத்து புதன் பன்னிரண்டு, அதுவும் ராகுகாலம். சாவித்திரி முகம் சுண்டிப்போய், வேறு நேரமே இல்லையா என்று கேட்டாள். கத்திரி வெயிலாச்சே, எல்லாம் புக் ஆகிவிட்டது என்று பானுப்பிரியா கூசாமல் சொன்னாள். காலை ஒன்பது மணிக்குத் தினமும் ஓர் இடமாவது காலியாகத்தான் இருந்தது. வேண்டாம் என்றது அவள்தானே, நானா சொன்னேன் என்று தனக்குத்தானே நியாயமும் சொல்லிக்கொண்டாள். மூன்று வாரமாகப் பெட்டி கூடத்திலேயே கிடந்தது. ஸ்வாதி அதன்மேல் நோட்டை வைத்துப் படம் வரையப் பழகிவிட்டாள். ராத்திரி மேலே வந்து, வியர்த்துக் கொட்டக் கொட்ட, அம்மாவின் நைட்டியைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

நான்காவது முறை கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பானுப்பிரியா கீழே போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மறுபடியும் வியாழன் ஒன்றரைதான் இருக்கிறது என்றாள். சாவித்திரி காலண்டர் பக்கம் திரும்பவே இல்லை.

"அதுவே இருக்கட்டும்க்கா."

பானுப்பிரியா திகைத்துப் போனாள். ராகுகாலம் என்று நினைவுபடுத்தினாள். தானே வெட்டிய குழியைத் தானே காட்டிக்கொடுப்பது போல் இருந்தது.

"தெரியும்க்கா. இன்னா பண்றது, லீவு முடியப் போவுது. ஸ்கூல் தொறந்துட்டா கொழந்த எங்க கீழ படுக்கப் போவுது?" சாவித்திரி தலையணை உறையை மடித்தபடி பேசினாள், நிமிரவில்லை. "நாள் பூரா நான் பாத்துக்கினு கீறேன். சாயங்காலம் உன் ஸ்கூட்டி ஆரன் கேட்டா போதும், பாதி தோசைய தட்டுல வெச்சிட்டு ஓடிடுது. என்னப் பாத்து ஒரு நாளாச்சும் அப்டி ஓடியாந்திருக்குதா? உன்ன நெனச்சா எனுக்கு எரியும்க்கா. ஒரே ஒரு நாள் அது என் ஊட்ல கண்ணு முழிக்கணும். ராகுகாலமானா ஆவட்டும், மாட்டிடச் சொல்லு."

தான் எரிந்துகொண்டிருந்த அத்தனை நாளும் கீழேயும் ஒருத்தி எரிந்துகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் பானுப்பிரியாவுக்கு உறைத்தது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவள் மனம் அப்படி. ஆனால் கண் தானாகக் கட்டிலுக்கு மேலே சுவரைப் பார்த்தது. ஏசி அங்கேதான் தொங்கப் போகிறது. அதற்கு நேர் கீழே படுக்கப் போவது ஸ்வாதி. ராகுகாலம் பார்க்கிறவர்களைப் போனை வைத்துவிட்டு எட்டு வருடமாகக் கேலி செய்தவளுக்கு இப்போது அந்தக் கேலியெல்லாம் மறந்துபோனது. ஐயோ, என் குழந்தை தலைக்கு மேலேயா?

"ராகுகாலத்துல வேணாம்" என்றாள். "வெள்ளிக்கிழமை காலைல ஒம்போது மணிக்கு ஆள் வருவாங்க. நல்ல நேரம்தான்."

சாவித்திரியின் கை மடிப்பதை நிறுத்தியது. பழக்கதோஷத்தில் காலண்டரைப் பார்த்தாள். பிறகு பானுப்பிரியாவைப் பார்த்தாள்.

"காலைல எடம் இருக்குதாக்கா?" என்றாள். உறையைக் கட்டிலில் வைத்துவிட்டு, "முன்னாடியும் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

பானுப்பிரியா போனில் படிவத்தைத் திறந்து தேதியைப் பதிந்தாள். அதன் கீழே, எத்தனை பேர் என்ற கட்டத்தில் அவள் போட்ட இரண்டு அப்படியே இருந்தது. மறைக்கத் தோன்றவில்லை. சாவித்திரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை அழித்துவிட்டு மூன்று என்று போட்டாள்.