கண்ணை மூடிக்கொண்டு பார்த்த பேய்ப்படம்

கலிஃபோர்னியாவில் லிவர்மோரிலிருந்து குபெர்டினோ ஆபீசுக்கு இரண்டு வருடம் என்னைத் தன் காரில் அழைத்துப்போனவர் என் ஆபீஸ் சீனியர். நரைத்த மீசை, சின்னத் தொப்பை, ஃப்ரீவேயில் லேன் மாறுவதற்குள் மூன்று முறை கண்ணாடி பார்க்கிற பயம். அப்படிப்பட்டவர்தான் அக்டோபர் பிறந்தால், மாதக் கடைசியில் வரும் ஹாலோவீன் என்ற பேய்த் திருவிழாவுக்காக ஆபீசில் எல்லோருக்கும் பேய்ப்படம் சிபாரிசு செய்வார்.

"ஹாலோவீனுக்கு வீட்லயே ஏதாவது பாக்கலாம்னு இருக்கோம். நீங்க சொல்லுங்க சார்" என்று கேட்டேன்.

யோசிக்காமல் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைச் சொன்னார். "இதுக்கு மேல பயங்கரம் கெடையாது."

"பேய் எப்படி சார் இருக்கும்?"

"யாருக்குத் தெரியும்? நான் கண்ணத் தொறக்கவே மாட்டேன். வொய்ஃபுக்குத்தான் இதெல்லாம் புடிக்கும். நான் பக்கத்துல இடது கையக் குடுத்துட்டு ஒக்காந்திருப்பேன். அவ எவ்ளோ அழுத்திப் புடிக்கிறாளோ, அதான் ரேட்டிங். இந்தப் படத்துக்குக் கடைசி வரைக்கும் கைய விடவே இல்ல."

ஹாலோவீன் அன்று பிள்ளைகள் பேய் வேஷத்தில் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கி வந்து ஓய்ந்ததும் அந்தப் படத்தைப் போட்டோம். ஒரு கதவு இரண்டு தடவை கிறீச்சிட்டதோடு சரி. மற்றபடி வயதான தம்பதி ஒன்று சமையலறையில் பேசிக்கொண்டே இருந்தது. என் மனைவி பாதியிலேயே தூங்கிவிட்டாள்.

மறுநாள் காரில் ஏறியதும், "என்ன, பயந்தீங்களா?" என்றார்.

"ரொம்ப சார்."

"நான்தான் சொன்னேனே!" ஸ்டீயரிங்கில் இருந்த தன் இடது கையை ஒரு முறை பெருமையாகப் பார்த்துக்கொண்டார்.

பயப்பட ஒன்றுமே இல்லாத படத்துக்குத்தான் அவருடைய மனைவி அவர் கையை விடாமல் பிடித்திருந்தார் என்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாரோ என்று இப்போது தோன்றுகிறது.