கச்சேரிக்கு ஊரை அழைத்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா மாரண்டஹள்ளியில், தக்காளி பயிரிடும் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். அவருக்கு ஆறு வயது இளையவன் நான். எங்கள் வீட்டில் சங்கீதம் தெரிந்தவர் எவரும் இல்லை. அக்காவுக்கும் பாட வராது. அதை அவரே எல்லோரிடமும் முதலில் சொல்லிவிடுவார். தருமபுரியில் கல்லூரிப் படிப்பு முடிந்ததும் சென்னைப் பத்திரிகை ஒன்றில் பிழை திருத்தும் வேலைக்குச் சேர்ந்தார். கச்சேரி விமரிசனங்களைத் திருத்தித் திருத்தி, அந்தக் கச்சேரிகளுக்கே போய் உட்காரத் தொடங்கினார்.

சில ஆண்டுகளில் ஒரு சபாவின் மக்கள் தொடர்பாளர் ஆனார். கலைஞர்களைப் பற்றிக் குறிப்பு எழுதுவதும், நிருபர்களை அழைப்பதும், அரங்குக்கு ரசிகர்களை வரவைப்பதும் அவர் பணி. அப்பாவுக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை.

"பாடறவங்க பாடறாங்க, கேக்கறவங்க கேக்கறாங்க. நடுவுல உனக்கு என்னம்மா வேலை?" என்பார்.

"இன்னார் பாடறாங்கன்னு கேக்கறவங்களுக்குத் தெரியணும் இல்லீங்களாப்பா?" என்று அக்கா சிரிப்பார்.

ஒரு மார்கழியில் பெயர் பெற்ற பாடகர் ஒருவருக்குக் கச்சேரியன்று காலை தொண்டை கட்டிக்கொண்டது. பதிலுக்குப் பாட ஓர் இளம்பெண் கிடைத்தார். பெயர் பெற்றவர்களுக்கே கிடைக்கும் மாலைக் கச்சேரி அதுவரை வாய்க்காதவர். "வெளியில் சொல்ல வேண்டாம், கூட்டம் வந்தபின் மேடையில் அறிவித்துக்கொள்ளலாம்" என்றார் சபாச் செயலாளர்.

"ஏமாந்து வந்தவங்க அந்தப் பொண்ணு மேலதான் சார் கோவப்படுவாங்க. பாவம், அது என்ன தப்புப் பண்ணுச்சு?" என்று கேட்ட அக்கா, வேலை போகும் என்று தெரிந்தே வெளியே வந்து, நிருபர்களையும் ரசிகர்களையும் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தார். "அவர் பாடலைங்க. இவங்க பாடறாங்க. நான் கேட்டிருக்கேன், நம்பி வாங்க" என்றார். அரங்கு பாதிதான் நிரம்பியது. ஆனால் வந்தவர்களில் ஒருவரும் இடையில் எழுந்து போகவில்லை. மறுநாள் இரண்டு பத்திரிகைகள் அந்தப் பெண்ணைப் பாராட்டி எழுதின. அக்காவின் வேலை அன்றே போயிற்று.

இரண்டு மாதம் ஊரில் சும்மா இருந்தார். அம்மா கலங்கிப்போயிருந்த நேரத்தில் அந்தப் பாடகியே பேசினார்: "இனிமே எனக்கு நீங்கதான் எழுதணும்க்கா." அதை வைத்துத்தான் தருமபுரியில் ஓர் அறை எடுத்து அக்கா சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பெயர் தெரியாத கலைஞர்களையே தேடிப் பிடித்தார். பென்னாகரத்தில் கடை கடையாக ஏறி, "புரியாதுன்னு பயப்படாதீங்க. பிடிக்கலைன்னா பாதியில எழுந்து போங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்று அழைப்பிதழ் கொடுத்தார்.

முன்கோபக்காரர். உறவினர் விசேஷங்களுக்கு நேரத்துக்கு வந்ததே இல்லை. என் முகூர்த்தத்துக்கும் தாமதம்தான். மேளக்காரர்கள் ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே மணமேடைப் பக்கம் வந்தார்.

சென்ற ஆண்டு புற்றுநோய் அவரைப் படுக்கவைத்தது. படுக்கையிலிருந்தபடியே வீணை வாசிக்கும் பெண் ஒருவரின் முதல் கச்சேரிக்கு ஏற்பாடு செய்தார். "எனக்கு என்ன ஆனாலும் தள்ளி வெக்காதடா" என்று என்னிடம் சொல்லியிருந்தார். வெள்ளியன்று எங்களை விட்டுப் பிரிந்தார். கச்சேரி ஞாயிறு.

"துக்க வூட்டுக்காரன் கச்சேரிக்குப் போறதா?" என்று உறவினர்கள் தடுத்தார்கள். அழுதுகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். "அவ கூப்பிட்டவங்க வருவாங்கடா. நீ போயி வாசல்ல நில்லு."

நின்றேன். "அக்கா எங்கேங்க?" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். சிலர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு உள்ளே போய் அமர்ந்தார்கள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். நல்ல கச்சேரி என்று எல்லோரும் சொன்னார்கள்.

அக்காவை இரவு பகல் பாராமல் கவனித்த செவிலியர்களுக்கும், சிகிச்சைக்குக் காரில் அழைத்துச் சென்ற பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், மருத்துவமனையில் பத்து நாள் உடனிருந்த அந்தப் பாடகிக்கும், ஞாயிறன்று வந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. அக்காவின் அலுவலகத்தை அவருடன் பணியாற்றிய இரு பெண்கள் நடத்துகிறார்கள். வருகிற மாதம் ஒகேனக்கல் சாலையில் உள்ள மண்டபத்தில் ஒரு புல்லாங்குழல் கச்சேரி. அம்மா முன்வரிசையில் இடம் சொல்லிவைத்திருக்கிறார்.