துவக்குப் படம்

மகன் வாங்கி வந்த பழைய காமிக்ஸைப் பிரித்தேன். தாளின் வாசத்தோடு ஆத்திரமும் ஏறியது.

எங்கள் ஊர் கோப்பாயில் இந்திய இராணுவம் வீடு வீடாகச் சோதனை போட்ட காலம். நான் உறை போட்டு, இலக்கமிட்டு, மூன்று தரமாவது வாசித்து அடுக்கிவைத்த, அட்டையில் துப்பாக்கி நீட்டும் வீரர்கள் நின்ற காமிக்ஸ் அத்தனையையும் அப்பா கிணற்றடியில் கொளுத்தினார்.

"எல்லாத்திலையும் துவக்குப் படம். கண்டால் விடுவாங்களோ, பிள்ளை?"

மறுநாள் வந்த சிப்பாய் மதுரைப் பக்கத்துப் பையன். வெறுமையாகக் கிடந்த அலுமாரியைப் பார்த்துவிட்டு, "படிக்க காமிக்ஸ் ஏதாச்சும் இருக்காம்மா?" என்று என்னிடம் கூச்சத்தோடு கேட்டான். கிணற்றடியில் சாம்பல்கூட அள்ளப்படாமல் கிடந்தது.

அப்பா முந்திக்கொண்டார். "எங்கடை வீட்டிலை உதுகளை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை, தம்பி."

கொளுத்தியதை எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்தப் பதிலை இன்னும் மன்னிக்க முடியவில்லை.